ஒரு சாண் குறைந்த கட்டில்

உண்ணாமலைக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள்: தூக்கம். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் என்கிற முறையில் பார்த்தே தெரிந்துகொண்டேன். கீழ்பென்னாத்தூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிடயர் ஆனவன் நான். நின்றுகொண்டே தூங்குகிற ஜனங்களை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். கை கம்பியைப் பிடித்திருக்கும், கண் திறந்திருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். கடையில் சில்லறை கொடுக்கும்போது உண்ணாமலை அப்படித்தான் இருப்பாள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் அவர்கள் வீடு. முன்னறையில் பெட்டிக்கடை. கற்பூரம், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுக்குக் காபி. உண்ணாமலையைக் கீழ்பென்னாத்தூரில்தான் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் தங்கமானவன், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அப்பா சகாதேவன் நேரில் போய், "வந்துடும்மா" என்று அழைத்துவந்தார். வந்தவள் கடையைப் பார்த்துக்கொண்டாள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொஞ்சம் நிலத்தையும் பார்த்துக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன் சகாதேவனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலற்றுப் போனது. அதிலிருந்து அவரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

தம்பி ஒருவன் இருக்கிறான், சரவணகுமார். வேங்கிக்காலில் புது வீடு, மனை வாங்கி விற்கிற தொழில். கெட்டவன் இல்லை. பௌர்ணமி தவறாமல் வருவான், அன்றைக்குக் கார் நிறுத்த வேறெங்கே இடம் கிடைக்கும்? வாசற்படியில் நின்றபடி, "அப்பா, நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்பான். அவர் தலையை ஆட்டுவார். அக்காவிடம் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மலை சுற்றக் கிளம்பிவிடுவான். "பதினாலு கிலோமீட்டர் சாமியைச் சுத்தறவன், அப்பன் படுத்திருக்கிற கட்டிலை ஒரு சுத்து சுத்தக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். என் வாய் அப்படி. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு நாலு மூலையிலும் நாலு கம்பம், தலைமாட்டில் கொடி, பூ, பழம் எல்லாம் செதுக்கியிருக்கும். 'நவாபு கட்டில்' என்று பெயர். சகாதேவனுடைய தாத்தா ஆற்காட்டு நவாபு வம்சத்தார் யாரிடமோ வண்டி ஓட்டினாராம், சம்பளத்துக்குப் பதிலாகக் கட்டிலைக் கொடுத்தார்களாம். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். ஆனால் நவாபுக்கு உண்டான மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கதவு ஜன்னலுக்கு அடித்ததுபோக மிச்சமிருக்கிற பெயின்டைக் கட்டிலுக்கு அடித்துவிடுவார்கள். நான் பார்த்தே அது பச்சையாக இருந்திருக்கிறது, காவியாக இருந்திருக்கிறது, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வந்தது.

பார்க்க லட்சணமான கட்டில்தான். நோயாளிக்கு ஆகாத கட்டில். அவ்வளவு உயரம், அவ்வளவு அகலம். பெரியவர் படுத்திருந்தால் உண்ணாமலையின் நெஞ்சு உயரத்துக்கு இருப்பார். படுக்கைப் புண் வராமல் அடிக்கடி திருப்பிப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கு என்ன? திருப்ப வேண்டுமானால் இவளும் கட்டில்மேல் ஏறி, முட்டி போட்டு, அவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பகலில் நான் ஒரு கை கொடுப்பேன். என் முதுகும் என்னோடு சேர்ந்து ரிடயர் ஆகிவிட்டது, பெரிதாக உபயோகமில்லை.

கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்புகிற இரும்புக் கட்டில் வாங்கலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "அதுல படுத்தா நான் பொணம்" என்று குழறிக் குழறிச் சொல்லிவிட்டார் சகாதேவன். தாத்தா படுத்த கட்டில், அப்பா படுத்த கட்டில், இதைவிட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். போன வருஷம் சித்திரை மாதத்தில் ஒருநாள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. மறுநாளே ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து நாலு காலையும் ஒரு சாண் அறுக்கச் சொன்னாள். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான் பிடித்துக்கொண்டேன். அப்போதெல்லாம் கொஞ்ச நேரம் உட்காருவார். ரம்பம் ஓடி முடிகிறவரை அந்த மனுஷர் அழுதார்.

கட்டில் தணிந்தது, அவளுக்கு இடுப்பு பிழைத்தது. ஆனால் அன்றைக்கு மகளிடம் பேச்சை நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். என்னிடம் பேசுவார், வாசலில் நிற்கிற மகனுக்குத் தலையாட்டுவார், இவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. கஞ்சி ஊட்டினால் குடிப்பார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி. அவளும் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இந்த ஆடியில் சரவணகுமார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அதில் ஒரு வீடியோ. யாரோ ஒருவர் கம்பம் வைத்த பழைய கட்டிலைத் தட்டிக் காட்டி, எட்டு லட்சம் என்கிறார்.

"அக்கா, நம்மூட்டு கட்டில் மாதிரியே இருக்குதுக்கா! புதுச்சேரியில பழைய சாமான் வாங்கறவரு ஒருத்தரு இருக்காரு, வரச் சொல்லியிருக்கேன். அதை வித்த காசுல அப்பாவுக்கு இரும்புக் கட்டிலு, காத்துப் படுக்கை, ராத்திரிக்குப் பாத்துக்க ஒரு ஆளு, எல்லாம் வெச்சிடலாம். நீ காலை நீட்டித் தூங்கலாம்க்கா."

கடைசி வாக்கியத்தில் அவள் விழுந்துவிட்டாள். "அப்பா ஒத்துக்கணுமேடா" என்றாள். "எட்டு லட்சம்னா யாருதான் ஒத்துக்க மாட்டாங்க?" என்றான். கால் அறுத்ததைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. மறைக்கவில்லை ஐயா, அதில் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பாவாடை நீளமாக இருந்தால் கத்தரித்துத் தைப்பதில்லையா, அந்த மாதிரி.

புதுச்சேரிக்காரர் பெயர் அருள்ராஜ். வெயிலில் வந்து இறங்கினார், ஒரு செம்பு தண்ணீர் குடித்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "ஐயா, கொஞ்சம் தொந்தரவு பண்ணிக்கறேன்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். எனக்கு அது பிடித்தது. கட்டிலில் இருந்த ஆளை அன்றைக்கு முதலில் பார்த்தவர் அவர்தான்.

தலைமாட்டுக் கம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துச் சின்னக் கத்தியால் பெயின்டைச் சுரண்டினார். சாக்லேட்டுக்குக் கீழே காவி, காவிக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஏதோ நீலம், எல்லாம் போனபிறகு கருஞ்சிவப்பாக மரம் தெரிந்தது. கட்டை விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். சட்டத்தில் வரிசையாக அடைத்துக் கிடந்த ஓட்டைகளைத் தடவினார். "பலகை அப்புறம் போட்டது. முதல்ல இது பிரம்பு பின்னின கட்டிலு" என்றார். ஒரு ஸ்க்ரூவின் தலையைச் சுத்தம் செய்து எங்களுக்குக் காட்டினார். அதில் இருந்த வெட்டு நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருந்தது. மிஷினில் போட்டால் இப்படி வராதாம், கையால் செய்த ஸ்க்ரூவாம்.

"நவாபு குடுத்ததுங்க" என்று சரவணகுமார் எடுத்துக் கொடுத்தான்.

"நவாபுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்க வீட்டுக்குன்னு நம்ம ஆசாரிங்க செஞ்சது. இந்தக் கம்பம் கொசுவலை கட்டறதுக்கு. நூறு வருஷம் தாராளமா இருக்கும்."

சரவணகுமாருக்கு முகம் சுருங்கியது. "அப்போ ரேட்டு கம்மியா?"

"நவாபை விட இதுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி" என்று அவர் சொன்னதும் சுருங்கின முகம் விரிந்துவிட்டது.

போர்வை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு, அருள்ராஜ் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். மேலே படுத்திருந்தவர் மிரண்டுபோய், "யா... யாரு கீழ?" என்றார். "டாக்டருதான்யா. உனக்கு இல்ல, கட்டிலுக்கு" என்று நான் சமாதானம் சொன்னேன். கீழே விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு காலாக நகர்ந்தது. பிறகு, "காலை எப்ப அறுத்தீங்க?" என்று குரல் வந்தது.

"யாரு அறுத்தா?" என்றான் சரவணகுமார்.

அருள்ராஜ் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "அறுத்த இடத்துலதாங்க மரம் பளிச்சுனு தெரியுது. அசல் ஈட்டி மரம், அடிச்சுச் சொல்லலாம். ஆனா அறுத்துட்டீங்களே. வாங்கறவங்க முதல்ல குனிஞ்சு பாக்கறது கடைசல் காலைத்தான். முழுசா இருந்திருந்தா மூணு லட்சத்துக்கு நானே எடுத்திருப்பேன். இப்ப மரத்து விலைதான். அறுபதாயிரம் தரலாம்." பிறகு உண்ணாமலையின் பக்கம் திரும்பி, "அம்மா, அறுத்த துண்டு நாலும் இருக்கா? இருந்தா ஒட்டிச் சரி பண்ணிடலாம்" என்றார்.

"அதுங்களா? வெந்நீர் காய வெச்சேங்க" என்றாள் அவள். "நல்லா நின்னு எரிஞ்சிச்சி. அடியில பித்தளைப் பூண் இருந்திச்சி, அதைப் பழைய பித்தளைக்காரன்கிட்ட போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன்."

அருள்ராஜ் கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. சரவணகுமார் கத்த ஆரம்பித்தான்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? லட்ச ரூபா கட்டிலை யாருன்னா அறுப்பாங்களா? எப்ப அறுத்த?"

"போன சித்திரையில."

"ஒரு வருஷம் ஆவுது! எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"மாசா மாசம் வந்து பாத்துட்டுத்தானே போன."

"வந்தா? நான் இன்னா அளவெடுத்தா பாப்பேன்?"

"ஒரு தரம் அப்பா பக்கத்துல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்டா" என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அருள்ராஜ் சட்டென்று வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சரவணகுமாருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும், அதனால்தான் குரலை இன்னும் உயர்த்தினான். "அறுபதாயிரத்துக்குக் குடுக்கறதுக்கு அதையும் வெட்டி வெந்நீர் காய்ச்சிக்கோ. கட்டில் இங்கியே கெடக்கட்டும்."

"அப்போ ராத்திரிக்கு ஆளு?" என்று அவள் கேட்டாள். அந்த வீட்டில் அன்று யாரும் அப்படி ஆசையாக ஒரு கேள்வி கேட்கவில்லை.

"காசு வந்தாத்தானேக்கா வெக்க முடியும்? நான் இன்னா மரமா, புடிச்சு ஆட்டறதுக்கு?"

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் பஸ்ஸாக இருந்திருந்தால் விசில் அடித்து நிறுத்தி அவனை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன். அடுத்தவன் வீட்டில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

"உண்ணா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அவள் நிமிரவில்லை. தன்னைக் கூப்பிட்டதாகவே அவள் நினைக்கவில்லை என்று தோன்றியது. அத்தனை மாதம் கழித்துக் கூப்பிடுகிறார். "உண்ணா" என்று மறுபடி கூப்பிட்டார் சகாதேவன். வாய் ஒரு பக்கம் கோண, சொல்லைத் தேடித் தேடிப் பேசினார். "குடு. அவருக்குக் குடுத்துடு. இரும்புக் கட்டிலு வாங்கு. ஒனக்கு... முடியலம்மா."

"சரிப்பா" என்றாள். சரவணகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், இந்தத் தடவை மகனைப் பார்க்கப் பிடிக்காமல். அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன். அந்த வாரக் கடைசியில் காலையில் அருள்ராஜின் ஆட்கள் குட்டியானை வண்டியோடு வந்தார்கள். சர்ஜிக்கல் கடைக்காரன் இரும்புக் கட்டிலை மத்தியானம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை என்ன செய்வது? பெரியவர் இப்போது நாற்காலியில் தரிக்க மாட்டார். கூடத்தில் பாயை விரித்து, எல்லாருமாகத் தூக்கி அவரைக் கீழே கிடத்தினோம். உண்ணாமலை கடையைத் திறக்கவில்லை, ஷட்டரை இறக்கியே வைத்திருந்தாள். ஆட்கள் கட்டிலைக் கழற்றாமல் அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தார்கள். நாலு வருஷ மூத்திர வாடை. வண்டியில் ஏற்றுவதற்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இதற்கு ஒரே அர்த்தம்தான். கடை சாத்தியிருக்கிறது, ஆள் கீழே கிடக்கிறார், கட்டிலை வெளியே போட்டுக் கழுவுகிறார்கள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் முருகையன் முதலில் பாட்டை நிறுத்தினான். பிறகு அடுப்பை அணைத்தான். பிறகு, ஒரு பெரிய மனிதனாகத் தன் கடமையைச் செய்ய எண்ணி, சரவணகுமாருக்குப் போன் போட்டான். உள்ளே வந்து ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை அவனுக்கு.

நான் பின்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கியேவிட்டாள். பூக்காரி ரோஜா மாலையோடு நிற்கிறாள். "பாடைக்கு மூங்கில் சொல்லட்டுங்களாண்ணே?" என்று ஒருவன் என் காதில் கேட்கிறான். "அட சண்டாளா, அவரு சாவலடா, கட்டிலை வித்திருக்காங்க!" என்று கத்தினேன். ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. உள்ளே பாயில் படுத்தபடி சகாதேவன் அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அந்தக் கிழவிக்கு இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் சரவணகுமார் வந்தான். காரைக் குறுக்கே நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல், செருப்பில்லாமல் ஓடிவந்தான். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு நேராகப் பாய்ந்து அப்பாவின் மார்பில் விழுந்தான். "அப்பா! ஒன்னைப் பாக்காம வுட்டுட்டனேப்பா! ஒரு நாளு ஒன்கிட்ட ஒக்காரலியேப்பா!" அடித்துக்கொண்டு அழுதான். அது நடிப்பில்லை. அவன்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. பெரியவர் மூச்சு முட்டி, நல்லதாக இருந்த வலது கையால் அவன் முதுகில் ஒன்று போட்டார். "எழுந்திரு. நெஞ்சு வலிக்குது."

அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாகத்தான் அழுதான். கிழவி கொண்டையை முடிந்துகொண்டாள். பூக்காரி மாலையைக் கூடைக்குள் போட்டுத் துணியால் மூடினாள். ஒவ்வொருவராக நழுவினார்கள். வெளியே குட்டியானை கட்டிலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா" என்று சரவணகுமார் கூப்பிட்டான். "அக்கா, அப்பா நனைச்சிட்டாருக்கா."

நான் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். தம்பி ஓடிவந்து அப்பாவைப் பிடித்ததைப் பார்த்ததுமே அவள் உள்ளே போயிருக்க வேண்டும். வெறும் தரையில், ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்தபடி உண்ணாமலை தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை ஒப்பாரியும் அழுகையும் அவளை எழுப்பவில்லை.

"அக்காவை எழுப்பட்டுங்களாண்ணே? எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று சரவணகுமார் என்னிடம் கேட்டான். நான் நல்லதாக ஏதாவது சொல்லி வைக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவ தூங்கட்டும்" என்றார். "நீ தொடைடா."